கேதார்கந்தா, குல்மார்க்: சென்னையிலிருந்து கிளம்புகிறவர் என்ன உடுத்துவது?

கேள்வி இதுதான்: வேளச்சேரியிலிருந்து இரண்டு நண்பர்கள் ஜனவரியில் உத்தராகண்டின் கேதார்கந்தா மலையில் ஏறிவிட்டு, அப்படியே காஷ்மீரின் குல்மார்க் போய் ஐந்து நாள் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளப் போகிறார்கள். கையில் இருப்பவை ஜீன்ஸ், பருத்தி டீ-ஷர்ட்டுகள், எப்போதோ ஊட்டிக்காக வாங்கிய ஸ்வெட்டர். ‘மைனஸ் 10 தாங்கும்’ என்று எழுதிய கனமான ஜாக்கெட் ஒன்றை வாங்கிவிட்டால் போதுமா?

போதாது. அந்தப் பணத்தில் பாதியை முதலில் தோலோடு ஒட்டும் துணிக்குச் செலவிடுங்கள். ஜாக்கெட் கடைசியாக வரட்டும்.

சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு ஏறக்குறைய 100 வாட் வெப்பம் தருகிறது. முதுகில் பையோடு பனியில் மேடேறும்போது அது ஐந்து மடங்கைத் தாண்டும். நிற்கும்போது இதமாக இருக்கும் அதே ஜாக்கெட்டுக்குள் அரை மணி ஏறினால் வியர்த்துக் கொட்டும். பிறகு மேட்டில் மூச்சு வாங்க நிற்பீர்கள். துணியில் ஊறியிருக்கும் 100 மி.லி. வியர்வை, அதாவது அரை டம்ளர் தண்ணீர், ஆவியாக சுமார் 240 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். அதில் பெரும்பகுதி உங்கள் உடம்பிலிருந்துதான் போகும். உட்கார்ந்திருக்கும் உடம்பு 40 நிமிடத்தில் உண்டாக்கும் மொத்த வெப்பமே அவ்வளவுதான். மலையில் நடுங்குகிறவர்களில் பலர் குறைவாக உடுத்தி நடுங்குவதில்லை, ஏறும்போது அதிகமாக உடுத்தி நனைந்துபோனதால் நடுங்குகிறார்கள்.

சென்னையில் ஜனவரி இரவு 20 டிகிரி. கேதார்கந்தா உச்சி சுமார் 3,800 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி குறையும் என்ற பொதுக் கணக்கில், உயரத்துக்கு மட்டுமே 25 டிகிரி கழிய வேண்டும். வட இந்தியக் குளிர்காலம் அதன்மேல் தனி. கூடாரத்தில் இரவு மைனஸ் 5, மைனஸ் 10 என்று இறங்குவது சாதாரணம். குல்மார்க் ஊர் 2,650 மீட்டரில் இருக்கிறது. கோண்டோலா என்கிற கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டத்தில் ஏறினால் அப்பர்வத் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டருக்குப் போய்விடுவீர்கள். காற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். மைனஸ் 5 டிகிரியில் மணிக்கு 30 கி.மீ. காற்று வீசினால் திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 13 போலத் தைக்கும். கேதார்கந்தாவின் கடைசி ஏற்றத்தில் இதை உணர்வீர்கள்.

இனி உள்ளிருந்து வெளியே வருவோம்.

தோலை ஒட்டும் துணியின் முதல் வேலை வியர்வையைத் தோலைவிட்டு நகர்த்துவது. கதகதப்பு அதற்கு அடுத்ததுதான். பாலியஸ்டர் இழை தன் எடையில் அரை சதவீதம்கூட ஈரத்தை உள்ளே வாங்காது. ஈரம் இழைகளுக்கு நடுவே பரவிச் சீக்கிரம் உலரும். பருத்தி உள்ளேயும் வாங்கும், வெளியேயும் பிடித்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் கொடியில் கிடந்து மூன்று நாளாகியும் காயாத பனியனை உடம்பில் போட்டுக்கொண்டு மலை ஏறுவது மாதிரிதான் அது. கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை ஈராவியை இழைக்குள் வாங்கினாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. ஆனால் முழுக்க நனைந்தால் உலர நேரமெடுக்கும்.

தி.நகரில் ‘தெர்மல்’ என்று கேட்டால் வெள்ளை அல்லது சாம்பல் நிறத்தில், கட்டம் கட்டமாகப் பின்னிய ஒரு செட்டை எடுத்துப் போடுவார்கள். வாங்குமுன் உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் பாருங்கள். பெரும்பாலும் பருத்தியோ பருத்திக் கலப்போ இருக்கும். இரவில் உலர்ந்த உடம்போடு படுக்க அது பரவாயில்லை, ஏறுவதற்கு ஆகாது. சேப்பாக்கத்துக்குப் போட்டுப்போகும் மஞ்சள் ஜெர்சி பாலியஸ்டர்தானே, ஏறும்போது அது அந்தத் தெர்மலைவிட எவ்வளவோ மேல். ஜிம்முக்கும் ஓட்டப் பயிற்சிக்கும் வைத்திருக்கும் முழுக்கைச் சட்டைகள் இருந்தால் முதல் லேயருக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், ஆனால் இறுக்கக் கூடாது. தொளதொளவென்று இருந்தால் வியர்வை துணிக்கு ஏறாமல் தோலிலேயே நிற்கும்.

மெரினோ கம்பளி வாங்க மனமிருந்தால் 150 முதல் 200 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) வரை போதும், இழையின் தடிமன் 19 மைக்ரானுக்குள் இருந்தால் அரிக்காது. நான்கு நாள் போட்டாலும் நாறாது என்பதுதான் அதன் பெரிய பலம். பாலியஸ்டர் இரண்டாம் நாளே காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் பயணத்துக்கு ஆளுக்கு இரண்டு பாலியஸ்டர் மேல்சட்டை நடக்க, ஒரு மெரினோ தூங்க என்று எடுத்தால் கச்சிதம். தூங்கும் செட் பகலில் பையைவிட்டு வெளியே வரக் கூடாது. எவ்வளவு ஆசையாக இருந்தாலும்.

பலரும் கவனிக்காமல் கோட்டைவிடும் இடம் உள்ளாடை. விலை உயர்ந்த தெர்மல் வாங்கிவிட்டு, பழக்க தோஷத்தில் அதற்குள் ஒரு திருப்பூர் பனியனைப் போட்டுக்கொள்கிறோம். ஜட்டியும் பருத்தி. பெண்களுக்கு ஸ்பாஞ்சு வைத்த பருத்தி பிரா இன்னும் மோசம்: நெஞ்சுக்கு நேரே நாள் முழுக்க ஈரம் தங்கும். பாலியஸ்டர் அல்லது நைலான், ஸ்பாஞ்சு இல்லாத ஸ்போர்ட்ஸ் பிரா எடுத்துக்கொள்ளுங்கள்.

குளிரில் துணி எப்படி நடந்துகொள்ளும் என்று சென்னையில் சோதிக்க முடியாது, வியர்வையைச் சோதிக்கலாம். அந்தச் சட்டையைப் போட்டு, பையில் ஆறேழு கிலோ ஏற்றி, அடுக்குமாடி வீட்டின் படிக்கட்டில் அரை மணி ஏறி இறங்குங்கள். உடனே ஏ.சி.யை 18-ல் வைத்து அறையில் உட்காருங்கள். கால் மணி கழித்தும் முதுகு சில்லென்று ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தச் சட்டை வேண்டாம். பையின் பட்டை எங்கே உரசுகிறது, தையல் எங்கே அறுக்கிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்தது ஃப்ளீஸ். பாலியஸ்டர்தான், புசுபுசுவென்று காற்றைப் பிடித்துவைக்கும். தடிமனான ஒன்றைவிட மெல்லியதாக இரண்டு நல்லது. ஒன்றைக் கழற்றினால் இன்னொன்று இருக்கும். பாதி ஜிப் அல்லது முழு ஜிப் வைத்ததாகப் பாருங்கள், ஜிப்பே இல்லாதது மட்டும் வேண்டாம். கழுத்தைத் திறப்பதும் மூடுவதும்தான் நடக்கையில் உங்கள் கையிலிருக்கும் ரெகுலேட்டர். ஊட்டி ஸ்வெட்டர் அசல் கம்பளியாக இருந்தால் கூடாரத்தில் போட எடுத்துப் போகலாம். அக்ரிலிக் என்றால் வீட்டிலேயே இருக்கட்டும்: கனம் அதிகம், பின்னலுக்குள் காற்று தாராளமாகப் புகும்.

இப்போதுதான் கனமான ஜாக்கெட். இதை நிற்கும்போது போட வேண்டும். நடக்கும்போது பையின் வாய்க்கு அருகே இருக்க வேண்டும். டவுன் என்றால் வாத்தின் மென்தூவி. ஃபில் பவர் 600, 700 என்ற எண்கள், அந்தத் தூவி ஒரு குறிப்பிட்ட எடைக்கு எவ்வளவு இடத்தை நிரப்பும் என்று சொல்கின்றன, ஜாக்கெட்டின் கதகதப்பை அல்ல. 800 ஃபில் பவர் தூவி 60 கிராம் வைத்த ஜாக்கெட்டைவிட 600 ஃபில் பவர் தூவி 150 கிராம் வைத்தது அதிகம் காக்கும். ஆகவே உள்ளே எத்தனை கிராம் என்று கேளுங்கள். டவுன் நனைந்தால் சுருண்டு பயனற்றுப் போகும். செயற்கைப் பஞ்சு நனைந்தாலும் ஓரளவு காக்கும், ஆனால் கனமும் இடமும் கூட. ஜனவரிக் கேதார்கந்தாவின் உலர்ந்த குளிருக்கு டவுன் சரி. விழுந்து புரண்டு கற்றுக்கொள்ளும் பனிச்சறுக்குக்குச் செயற்கைப் பஞ்சு.

‘மைனஸ் 10’ சீட்டை நம்ப வேண்டாம். தூக்கப்பைக்கு ஐ.எஸ்.ஓ. 23537 என்று ஒரு சோதனை முறை உண்டு. கடை ஜாக்கெட்டின் எண்ணோ, நீங்கள் நடக்கிறீர்களா நிற்கிறீர்களா, உள்ளே என்ன போட்டிருக்கிறீர்கள் என்று பாராமல் சொல்வது. அளவு பார்க்கும்போது டீ-ஷர்ட் மேல் போட்டுப் பார்க்காதீர்கள். ஃப்ளீஸைக் கையோடு கொண்டுபோய், அதன் மேல் போட்டு, இரண்டு கையையும் தூக்கிக் குந்திப் பாருங்கள். மணிக்கட்டும் இடுப்பும் தெரிந்தால் ஒரு அளவு கூட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் வெளியே ஷெல். காற்றையும் பனியையும் தடுத்து, உள்ளேயிருந்து ஈராவியை வெளியே விட வேண்டும். சென்னை மழைக்கு ஸ்கூட்டரில் போடும் ரெயின்கோட் முதல் பாதியைச் செய்யும், இரண்டாவதைச் செய்யாது. பத்து நிமிடத்தில் உள்ளே மழை பெய்யும். ஷெல்லில் 10,000 மி.மீ. என்று எழுதியிருந்தால் அத்தனை உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்று பொருள். நடைக்கு அதுவே தாராளம். தையல்களுக்கு உட்புறம் டேப் ஒட்டியிருக்கிறதா, அக்குளில் ஜிப் இருக்கிறதா என்று பாருங்கள். ஈராவியை வெளியேற்றும் திறன் என்று அச்சடித்த எண்ணைவிட அக்குள் ஜிப் நிஜமாக வேலை செய்யும்.

காலுக்கு இவ்வளவு தேவையில்லை, நடக்கும் கால் தானே சூடாகும். பாலியஸ்டர் தெர்மல், அதன் மேல் நைலான் டிரெக்கிங் பேன்ட், பனி பொழிந்தால் அதன் மேல் ஒரு மழை பேன்ட். பகல் வெயிலில் தெர்மல்கூட வேண்டியிருக்காது. ஜீன்ஸ் விமான நிலையம் வரைக்கும்தான்: நனைந்தால் காயாது, இரவில் விறைத்துத் தகடாகிவிடும்.

உச்சி ஏறும் நாளில் இவையெல்லாம் எப்படி மாறிமாறி வரும் என்று பார்க்கலாம். கிளம்புவது பெரும்பாலும் அதிகாலை 3 மணி வாக்கில். முதல் லேயர், மெல்லிய ஃப்ளீஸ், காற்றிருந்தால் ஷெல். கூடாரத்துக்கு வெளியே நிற்கையில் கொஞ்சம் குளிர வேண்டும். இதமாக இருந்தால் அதிகம் போட்டிருக்கிறீர்கள். நடக்க ஆரம்பித்த 10, 15 நிமிடத்தில் குழு நிற்காவிட்டாலும் நீங்கள் நின்று ஒன்றைக் கழற்றுங்கள். வழிகாட்டியிடம் “அண்ணா, ஒரு நிமிஷம்” என்று இந்தியிலோ சைகையிலோ சொன்னால் கோபிக்க மாட்டார். வியர்த்த பிறகு கழற்றுவது தாமதம். ஓய்வுக்கு நின்றால் முதல் வேலை டவுன் ஜாக்கெட்டை எல்லாவற்றுக்கும் மேலே, ஷெல்லுக்கும் மேலே, போடுவது. தண்ணீர், பேரீச்சை, போட்டோ எல்லாம் அப்புறம். உடம்பில் மிச்சமிருக்கும் சூட்டைத்தான் ஜாக்கெட் பிடித்துவைக்கும், ஆறிய உடம்பை அது சூடாக்காது. கூடாரத்துக்குத் திரும்பியதும் டீ குடிக்கும் முன் ஈரச் சட்டையை மாற்றிவிடுங்கள். லேசாக ஈரமான சட்டையை இரவில் தூக்கப்பைக்குள் வைத்து உலர்த்தலாம். சொட்டச் சொட்ட நனைந்ததை வைத்தால் தூக்கப்பையும் சேர்ந்து ஈரமாகும்.

பனிச்சறுக்கில் கணக்கு வேறு. சறுக்கும்போது இரண்டு நிமிடம் கடும் உழைப்பு, பிறகு வரிசையில் பத்து நிமிடம் நிற்பது. அதிலும் புதிதாகக் கற்கிறவர்கள் சறுக்குவதைவிடப் பனியில் உட்கார்ந்திருப்பதுதான் அதிகம். சறுக்குப்பலகையோடு பக்கவாட்டில் மேடேறி வியர்க்கவும் செய்வார்கள். உள் லேயர்கள் அதேதான், வெளியே மட்டும் மாறும். உட்கார்ந்தால் உடம்பின் எடை தண்ணீரைத் துணிக்குள் அழுத்தும் என்பதால் பேன்ட்டின் பின்பக்கத்துக்கு நீர்த்தடுப்பு நன்றாக இருக்க வேண்டும். ஜாக்கெட்டுக்குள் இடுப்பைச் சுற்றிப் பனி புகாத எலாஸ்டிக் பட்டை, பேன்ட்டின் கால்முனைக்குள் பூட்ஸைக் கவ்வும் உள்பட்டை இரண்டும் அவசியம். டிரெக்கிங் ஷெல்லில் இவை இருப்பதில்லை. முதல் விழுதலிலேயே முதுகுக்குள் பனி ஏறும்.

பனிச்சறுக்கு பூட்ஸுக்குள் ஒரே ஒரு மெல்லிய சாக்ஸ், முழங்காலுக்குக் கீழ் வரை. குளிருமே என்று இரண்டு போட்டால் கால் அதிகமாகக் குளிரும், ஏனென்றால் பூட்ஸ் இறுகி ரத்த ஓட்டம் குறையும். தெர்மலின் கால்முனையையும் பூட்ஸுக்குள் திணிக்காதீர்கள். மடிப்பு விழுந்த இடம் மத்தியானத்துக்குள் கன்றிப்போகும். முக்கால் நீளத் தெர்மல் இதற்காகவே விற்கிறது. டிரெக்கிங் ஷூவில் கம்பளிக் கலப்பு சாக்ஸ் போட்டு, விரல்களை உள்ளே தாராளமாக அசைக்க முடிய வேண்டும். ஷூ வாங்கப் போகையில் அந்தச் சாக்ஸையும் எடுத்துக்கொண்டு சாயங்காலமாகப் போங்கள்; பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்.

கைக்கு மெல்லிய உள்ளுறை, மேலே நீர் புகாத வெளியுறை. ஜிப் போட, போன் எடுக்க வெளியுறையை மட்டும் கழற்றலாம். விரல்கள் சேர்ந்திருக்கும் மிட்டன் வகை ஐந்து விரல் உறையைவிடக் கதகதப்பானது. சாலையோரக் கம்பளி உறையில் பனி உருண்டை உருண்டையாக ஒட்டும். கழற்றிய உறையைப் பனிமேல் வைக்காதீர்கள், ஜாக்கெட்டுக்குள் செருகுங்கள்.

நம்மூர்க் குரங்குக் குல்லாவை எடுத்துப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் அதன் வாய்ப்பக்கம் மூச்சுக் காற்றால் நனைந்து உறைந்துவிடும். தனியாக ஒரு தொப்பி, கழுத்துக்கு ஒரு பஃப் (குழாய் மாதிரி மாட்டும் துணி) என்றால் ஒன்றைக் கழற்றி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். ஹெல்மெட்டுக்கு அடியில் தடித்த குல்லா நுழையாது, மெல்லியதுதான் சரி. உடம்புச் சூட்டில் பாதி தலைவழியே போகிறது என்பது கட்டுக்கதை. தலையும் அதன் பரப்புக்கு ஏற்ற பங்கைத்தான் இழக்கிறது, ஏறக்குறைய பத்தில் ஒன்று. கண்ணாடி மட்டும் மறக்கவே கூடாது: ஆயிரம் மீட்டருக்குப் புற ஊதாக் கதிர் பத்து சதவீதம்போலக் கூடும், புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். சன்ஸ்கிரீனைத் தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்தின் ஓரத்திலும் பூசுங்கள்.

எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது? தோலில் படும் எல்லாம் சொந்தம்: உள்ளாடை, முதல் லேயர், சாக்ஸ், கையுறை, தொப்பி. ஃப்ளீஸும் சொந்தமாக இருக்கட்டும், கொடைக்கானலுக்கும் ஆகும். சென்னை டெக்கத்லான் கடைகளிலேயே இவை கிடைக்கும். சறுக்குப்பலகை, பூட்ஸ், ஹெல்மெட், பனிச்சறுக்கு ஜாக்கெட், பேன்ட் ஆகியவற்றைக் குல்மார்க்கில் வாடகைக்கு எடுங்கள். ஐந்து நாளுக்காக வாங்கினால் வேளச்சேரி அலமாரியில் அடுத்த பத்து வருடம் தூங்கும். வாடகை ஜாக்கெட்டை வாங்கும்போது ஜிப்பை ஏற்றி இறக்கி, உள்ளே கைவிட்டு முதல் நாள் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். டவுன் ஜாக்கெட், ஷூ, ஷூவுக்குள் பனி புகாமல் கணுக்காலைச் சுற்றிக் கட்டும் கெய்ட்டர், ஷூவில் மாட்டும் பனிமுள் எல்லாம் கேதார்கந்தாவுக்குப் புறப்படும் சாங்கிரியிலும் வாடகைக்குக் கிடைக்கும். மேலுடம்புக்கான மொத்த உடையும், அதாவது முதல் லேயர் மூன்று, ஃப்ளீஸ், டவுன், ஷெல், இரண்டு கிலோவுக்குள் முடிய வேண்டும். அதைத் தாண்டினால் ஏதோ ஒன்று தேவைக்கு மேல்.

கெடும் விதங்கள் சில. ஷெல்லின் வெளித்துணி தண்ணீரை உருட்டிவிடாமல் உறிஞ்சத் தொடங்கினால் ஈராவி வெளியேறாது, உள்ளே ஈரம் கட்டும். ஒழுகுகிறது என்று நினைத்துத் தூக்கிப்போடாதீர்கள். சாஃப்ட்னர் இல்லாமல் துவைத்து, நன்றாக அலசி, சீட்டில் அனுமதித்திருந்தால் மிதமான சூட்டில் டிரையரில் உலர்த்தினால் பெரும்பாலும் திரும்ப வேலை செய்யும். குல்மார்க் விடுதியில் அறையைச் சூடாக்கும் புகாரி என்கிற அடுப்புக்குப் பக்கத்தில் எதையும் நெருக்கி வைக்காதீர்கள்: பாலியஸ்டர் உருகும், தோல் கையுறை வெடிக்கும்.

கூட வருகிறவருக்கு ஜிப்பைப் பிடிக்க விரல் ஒத்துழைக்கவில்லை, பேச்சு குழறுகிறது, தடுமாறுகிறார் என்றால் உடம்பின் உள்வெப்பம் இறங்குகிறது. நடுக்கம் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம், நிலைமை முற்றுகிறது. ஈரத்தைக் கழற்றி, உலர்ந்ததைப் போர்த்தி, விழுங்க முடிந்தால் இனிப்பான சூடான பானம் கொடுத்து, உடனே வழிகாட்டியிடம் சொல்லிக் கீழே இறக்குங்கள். ரம் கொடுப்பது தப்பு. தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து சூடு இன்னும் வேகமாகப் போகும். விரல் வெளுத்து மரத்தால் பனியால் தேய்க்காமல் அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்தபின் சென்னையின் புழுக்கம் இந்தத் துணிகளுக்கு எதிரி. வியர்வை உப்போடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும், கம்பளியைப் பூச்சி அரிக்கும். துவைத்து ஈரமே இல்லாமல் உலர்த்திய பிறகே உள்ளே வையுங்கள். டவுனை அதன் சின்னப் பைக்குள் அமுக்கி வைக்காமல் ஹேங்கரில் தொங்கவிடுங்கள், அலமாரியில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளைப் போட்டு மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள். பாலியூரித்தேன் பூச்சுள்ள மலிவான ஷெல்களின் உட்புறம் ஈரச்சூட்டில் சில வருடங்களில் பிசுபிசுத்து உரிந்துவிடும். டிரெக்கிங் ஷூவின் நடு அடிப்பாகமும் பல மாடல்களில் அதே பாலியூரித்தேன்தான். போடாமலே வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தால் உள்ளுக்குள் சிதைந்து, ஒருநாள் நடக்கையில் பிளந்துகொள்ளும். நண்பரிடம் இரவல் வாங்கிய ஷூ நாலைந்து வருடம் பெட்டியில் கிடந்தது என்றால், அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, முன்பக்கத்தை நன்றாக வளைத்துப் பாருங்கள். விரிசல் தெரிந்தாலோ தூளாக உதிர்ந்தாலோ சாங்கிரி வரை கொண்டுபோகாதீர்கள். அழுத்திப் பார்த்ததில் சரியாக இருந்தாலும் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் தினம் ஒரு மணி நேரம் அதைப் போட்டு நடந்துவிடுங்கள். பிளப்பதாக இருந்தால் அங்கேயே பிளக்கட்டும், ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிடலாம்.